பன்னிரு நாற்காலிகள்: அமெரிக்க ஜூரி முறையும் நிறவேற்றுமையும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் வாசகம் இன்று பல நாட்டு அரசியல் சட்டங்களில் இடம்பெற்றுள்ளது. ஆயினும், ஏட்டில் எழுதிய சமத்துவம் நீதிமன்ற வாயிலைக் கடந்து, கூண்டில் நிற்பவன் வரை சென்று சேர்கிறதா என்பது தனியே ஆராயத்தக்க கேள்வி. சட்டத்தின் சொற்களில் இன வேற்றுமை சிறிதும் இல்லாதபோதும், அச்சட்டத்தை நடத்துவோர் கைவழியே அது உள்ளே புகக்கூடும். அது எங்கே புகுகிறது, எவ்வாறு மறைந்து நிற்கிறது, எதனால் வெளிப்படுகிறது என்பவற்றை அறிவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜூரி முறை தக்கதொரு சான்றாகும்.

ஜூரி என்பது யாது?

சிங்கப்பூரில் ஜூரி விசாரணை 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலேசியாவில் அது 1995-இல் முடிவுக்கு வந்தது. ஆகவே, இங்குள்ள இளைய தலைமுறையினர் அதனை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். பெருங்குற்ற வழக்குகளில் பொதுமக்களுள் பொதுவாகப் பன்னிருவரைத் தேர்ந்து, அவர்களிடம் தீர்ப்பை ஒப்படைப்பதே ஜூரி முறை. சட்டம் இன்னது என்று எடுத்துரைப்பவர் நீதிபதி; குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா இல்லையா என்று முடிவு செய்பவர்கள் அப்பன்னிரு ஜூரர்கள்.

உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஜூரர் தேர்வு எளிதில் விளங்கும். முதலில், தகுதியுடையோரின் பெயர்ப் பட்டியல் ஆயத்தம் செய்யப்படுகிறது. இது குடத்தில் ஓலை இடுவதை ஒத்தது. பின்னர், பட்டியலிலிருந்து சிலர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுகின்றனர். இது ஓலையை எடுப்பது. ஆனால், குடவோலையில் இல்லாத ஒரு படி இதில் உண்டு. எடுத்த ஓலையை இரு தரப்பு வழக்கறிஞர்களும் பார்வையிட்டு, வேண்டாதவற்றைத் தள்ளலாம். ஒருவர் நடுநிலை பிறழ்ந்தவர் என்று காரணம் காட்டித் தள்ளுவது ஒரு வகை. காரணம் எதுவும் கூறாமல், குறிப்பிட்ட எண்ணிக்கையினரைத் தள்ளுவது மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையைக் ‘காரணமில்லா விலக்கு’ எனலாம். இறுதியில் அமர்ந்த பன்னிருவர் வாக்களித்துத் தீர்ப்புக் கூறுவர்.

ஆக, பட்டியல், விலக்கு, வாக்கு என வாயில்கள் மூன்று. நிறவேற்றுமை இம்மூன்றின் வழியாகவும் நுழைந்தது.

யார் அமர்ந்தால் என்ன?

நேர்மையாளர் எந்த இனத்தவராயினும் ஒரே தீர்ப்பைத்தானே கூறுவார், நாற்காலியில் யார் அமர்ந்தால் என்ன என்று சிலர் வினவக்கூடும். இதற்கு வரலாறே விடை கூறுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில், மாவட்டங்களிலும் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்னும் இல்பர்ட் மசோதா 1883-இல் கொண்டுவரப்பட்டபோது, அங்கிருந்த ஐரோப்பியர் கொதித்தெழுந்தனர். முடிவில், 1884-இல் ஒரு சமரசம் ஏற்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமகன், ஜூரியில் பாதிப் பேரேனும் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று கோரலாம் என்பதே அது. ஜூரியில் தன் இனத்தவர் இருப்பதன் பயனை ஆளும் இனம் நன்றாக அறிந்திருந்தது.

அண்மைக் கால ஆராய்ச்சியும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இரு கவுண்டிகளில் நடந்த 700-க்கு மேற்பட்ட விசாரணைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், தங்கள் முடிவுகளை 2012-இல் வெளியிட்டனர். தேர்வுக்கு அழைக்கப்பட்டோருள் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லாதபோது, கறுப்பினத்தவர் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்ற விகிதம் வெள்ளையருக்கான விகிதத்தைவிட 16 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. அழைக்கப்பட்டோருள் ஒரே ஒரு கறுப்பினத்தவரேனும் இருந்தபோது, அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஒரு நாற்காலியின் மதிப்பு இதனால் விளங்கும்.

முதல் வாயில்: பட்டியல்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு யாவருக்கும் உண்டு என்னும் அரசியல் சட்டத் திருத்தம் 1868-இல் நிறைவேறியது. நிறத்தைக் காரணமாக்கி ஒருவரை ஜூரியிலிருந்து ஒதுக்குவது குற்றம் என்று 1875-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அவ்வாறிருந்தும், மேற்கு வர்ஜீனியா மாநிலச் சட்டம் வெள்ளை ஆடவர்க்கே ஜூரியில் இடம் அளித்து வந்தது. 1880-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அதன் பின்னர், ‘வெள்ளையர்’ என்னும் சொல்லை வெளிப்படையாக எழுத இயலாது போயிற்று. ஆனால், கறுப்பினத்தவரின் பெயர்கள் பட்டியலில் ஏறிவிடவில்லை. அலபாமா மாநிலச் சட்டம், நேர்மையும் நற்குணமும் நல்லறிவும் உடையவர் எனப் பெயர் பெற்றோரைப் பட்டியலில் சேர்க்குமாறு கூறிற்று. கேட்பதற்கு நல்ல விதியே. ஆனால், அக்குணங்கள் யாரிடம் உள்ளன என்று முடிவு செய்தவர்கள் வெள்ளை அதிகாரிகள். அவர்கள் கண்ணுக்குத் தகுதியுள்ள கறுப்பினத்தவர் ஒருவர்கூடத் தென்படவில்லை.

1931 மார்ச் 25-ஆம் நாள், அலபாமாவில் ஒரு சரக்கு ரயிலில் சென்ற கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர் பிடிபட்டனர். வெள்ளைப் பெண்கள் இருவரைக் கற்பழித்தனர் என்பது அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில், பன்னிரண்டே நாட்களில் விசாரணை தொடங்கிவிட்டது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரிகள் எண்மரைக் குற்றவாளிகள் என்றன. எண்மருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்பெண்களுள் ஒருத்தி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று 1933-இல் நீதிமன்றத்திலேயே சாட்சியம் அளித்தாள். அப்போதும் ஜூரி குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது.

இவ்வழக்கு 1935-இல் இரண்டாம் முறையாக உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பட்டியல் பற்றிய கேள்வியே முதன்மை பெற்றது. குற்றச்சாட்டு எழுந்த ஜாக்சன் கவுண்டியில், 1930-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 21 வயதுக்கு மேற்பட்ட ஆடவர் 8,801 பேர். அவர்களுள் கறுப்பினத்தவர் 666 பேர். ஆனால், கறுப்பினத்தவர் ஒருவரேனும் ஜூரியில் அமர்ந்ததை அங்கு யாரும் கண்டதில்லை. பட்டியல் ஏட்டில் கறுப்பினத்தவர் பெயர்கள் சில உள்ளன என்று அரசுத் தரப்பு காட்டியது. அப்பெயர்கள் பிற்காலத்தில் இடைச்செருகலாக எழுதப்பட்டவை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அந்த ஏடே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது. நீதிபதிகள் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு அதனைப் பார்த்தனர். ஓலைச்சுவடியில் இடைச்செருகலைக் கண்டறியும் பதிப்பாசிரியரின் பணியை அன்று நீதிபதிகள் செய்தனர் எனலாம். தண்டனைத் தீர்ப்பு தள்ளுபடி ஆயிற்று.

ஆயினும், அந்த இளைஞர்களின் துன்பம் அதனோடு தீரவில்லை. நால்வர் 1937-இல் விடுதலை பெற்றனர். எஞ்சியோருள் கடைசியானவர் சிறையை விட்டு வெளியேறியது 1950-இல். இறந்துபோன மூவருக்கு அலபாமா மாநிலம் மன்னிப்பு வழங்கியதோ 2013-இல்.

இரண்டாம் வாயில்: காரணமில்லா விலக்கு

முதல் வாயில் சற்றே அடைபட்டதும் இரண்டாம் வாயில் திறந்தது. கறுப்பினத்தவர் பெயர்கள் பட்டியலில் ஏறின. அவர்கள் நீதிமன்றத்துக்கும் அழைக்கப்பட்டனர். ஆனால், அங்கே அரசுத் தரப்பு வழக்கறிஞர் காரணம் கூறாமல் அவர்களைத் தள்ளினார். அலபாமாவின் தல்லதேகா கவுண்டியில், ஒரு வழக்கில் எஞ்சியிருந்த கறுப்பினத்தவர் அறுவரும் தள்ளப்பட்டனர். ஏறத்தாழ 1950 முதல் அங்கு எந்த ஜூரியிலும் கறுப்பினத்தவர் அமர்ந்ததில்லை. இருந்தும், 1965-இல் உச்ச நீதிமன்றம் அதனைப் போதிய சான்றாகக் கொள்ளவில்லை. வழக்குத்தோறும் அரசுத் தரப்பு அவ்வாறே செய்துவந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும் எனக் கூறிற்று. பழைய வழக்குகளின் குறிப்புகளைத் தேடித் தொகுக்க, வறிய குற்றஞ்சாட்டப்பட்டவனால் எங்ஙனம் இயலும்?

இந்நிலையை 1986-ஆம் ஆண்டின் பேட்சன் தீர்ப்பு மாற்றியது. கென்டக்கி மாநிலத்தில் நடந்த அவ்வழக்கில், கறுப்பினத்தவர் நால்வரும் தள்ளப்பட்டிருந்தனர். நிறம் காரணமாகத் தள்ளப்பட்டனர் என்னும் ஐயம் ஒரு வழக்கிலேயே எழுமாயின், அரசுத் தரப்பு தன் காரணத்தைக் கூற வேண்டும். அது மெய்க்காரணமா, போலிக் காரணமா என்று நீதிபதி முடிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் இத்தீர்ப்பை ஆதரித்தார். ஆனால் இது போதாது என்றும், காரணமில்லா விலக்கை அடியோடு ஒழித்தாலன்றி இத்தீமை தீராது என்றும் எழுதினார்.

அவர் அஞ்சியதே நடந்தது. காரணம் கேட்டால் காரணம் கூறுவதில் வழக்கறிஞர்க்கு இடர்ப்பாடு இல்லை. தலைமுடி நீளம், தாடி வைத்திருக்கிறார் என்பனபோன்ற காரணங்களும் அவை நிறத்தைச் சாராதவை என்ற அளவில் ஏற்கப்பட்டன. 1987-இல் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஒரு கொலை வழக்கிலும் கறுப்பினத்தவர் நால்வர் தள்ளப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் நிறம் சாராத காரணங்கள் கூறப்பட்டன. பல்லாண்டுகளுக்குப் பின்னர், அரசுத் தரப்பின் கோப்பு வெளிவந்தது. பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் பச்சை நிறத்தால் தீட்டப்பட்டிருந்தன; அவற்றின் அருகே கறுப்பினத்தவரைக் குறிக்கும் எழுத்தும் இடப்பட்டிருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனைத் தீர்ப்பைத் தள்ளியது.

மிசிசிப்பி மாநிலத்தின் வினோனா என்னும் சிற்றூரில் 1996-இல் நால்வர் கொல்லப்பட்டனர். அதற்காகக் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்னும் கறுப்பினத்தவரை ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். ஆறு விசாரணைகளிலும், தள்ளுவதற்கு வாய்ப்பிருந்த கறுப்பினத்தவர் 42 பேரில் 41 பேர் தள்ளப்பட்டனர். ஆறாம் விசாரணையில், தள்ளப்பட்ட கறுப்பினத்தவர் ஐவரிடம் 145 கேள்விகள் கேட்கப்பட்டன. ஜூரியில் அமர்ந்த வெள்ளையர் 11 பேரிடம் கேட்கப்பட்ட கேள்விகளோ 12 மட்டுமே. துருவித் துருவிக் கேட்டால் எவரிடத்தும் ஏதேனும் ஒரு குறை அகப்படாமல் போகாது. இவ்வெண்களைச் சுட்டிக்காட்டியே 2019-இல் உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பைத் தள்ளியது. 2020-இல் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. அதற்குள் அவர் சிறையில் கழித்த காலம் ஏறக்குறைய 23 ஆண்டுகள்.

மூன்றாம் வாயில்: வாக்கு எண்ணிக்கை

பட்டியலில் ஏறி, விலக்குக்கும் தப்பி ஒருவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் அவர் குரல் எண்ணப்படுமா? குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப் பன்னிருவரும் ஒருமனப்பட வேண்டும் என்பது பழைய மரபு. லூசியானா மாநிலத்தில் 1898-இல் கூடிய அரசியல் சட்ட மாநாடு, வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டுவதே தன் நோக்கம் என்று மறைக்காமல் கூறிய மாநாடு. பல குற்ற வழக்குகளுக்கு ஒன்பதின்மர் இசைவே போதும் என்று அது விதித்தது. கறுப்பினத்தவர் இருவரோ மூவரோ ஜூரியில் அமர்ந்து ‘குற்றவாளி அல்லர்’ என்றாலும் அவர்கள் சொல் பயனற்றுப் போகும். விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்தது வெறும் எண்ணிக்கை.

பின்னர் அவ்வெண் பத்தாக உயர்ந்தது. 2018-இல் லூசியானா மக்கள் வாக்களித்து, அவ்விதியை அதன்பின் நிகழும் குற்றங்களுக்கு ஒழித்தனர். கடுங்குற்ற வழக்குகளில் ஒருமித்த தீர்ப்பு எல்லா மாநிலங்களிலும் வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும், மேல்முறையீடு முடிந்துவிட்ட பழைய வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று 2021-இல் அதுவே தீர்ப்பளித்தது. பழைய முறையில் தண்டனை பெற்ற பலர் அவ்வாறே சிறையில் எஞ்சினர்.

மாற்று வழிகள்

காரணமில்லா விலக்கு குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் ஒரு பாதுகாப்பே என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மனத்தில் வெறுப்புள்ளவர் என்று ஐயுற்றும் மெய்ப்பிக்க இயலாத ஒருவரை அவரும் தள்ளலாம். ஆகவே, மாநிலங்கள் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டன. வாஷிங்டன் மாநிலம் 2018-இல் ஒரு புதிய விதி செய்தது. வழக்கறிஞரின் உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நடுநின்று நோக்குபவர்க்கு நிறம் ஒரு காரணமாகத் தோன்றக்கூடுமாயின் அவ்விலக்குச் செல்லாது என்பது அதன் சாரம். கலிபோர்னியா 2020-இல் இதனை ஒத்த சட்டம் இயற்றியது. அரிசோனா 2022 ஜனவரி முதல் காரணமில்லா விலக்கையே ஒழித்துவிட்டது. மார்ஷல் கூறிய மருந்தை ஒரு மாநிலம் ஏற்க 35 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இத்துடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. அமெரிக்கக் குற்ற வழக்குகளுள் மிகப் பெரும்பாலானவை ஜூரியின் முன் வருவதே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்போம் என்னும் பேரத்தில் அவை முடிந்துவிடுகின்றன. யார்மீது எக்குற்றம் சாட்டுவது, யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பவற்றை முடிவு செய்யும் அரசு வழக்கறிஞர், பெரும்பாலும் யாருக்கும் காரணம் கூற வேண்டியதில்லை.

ஜாக்சன் கவுண்டியின் ஏட்டையும், பச்சை தீட்டிய பட்டியலையும், 145 கேள்விகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இன வேற்றுமை, ‘இது இன வேற்றுமை’ என்று தன்னை அறிவித்துக்கொண்டு வருவதில்லை. காரணம் கூறத் தேவையில்லாத இடம் எதுவோ, அந்த இடத்தில் அது தங்குகிறது. எழுதிய ஏடு காக்கப்பட்டதனாலும், கேட்ட கேள்விகள் எண்ணப்பட்டதனாலும், தளராது தேடியவர்கள் இருந்ததனாலுமே அது வெளிப்பட்டது. ஒரு நாட்டின் நீதி முறையை அளக்க விரும்புவோர் அதன் சட்டப் புத்தகத்தைப் படிப்பதோடு நின்றுவிடலாகாது. அச்சட்டத்தை நடத்துவோர் எவ்வெவ்விடங்களில் காரணம் கூறாமல் முடிவு செய்கின்றனர் என்பதையும், அம்முடிவுகளுக்குக் கணக்கு வைக்கப்படுகிறதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.