கடப்பா கல்லின் தாய்வீட்டில் நான்கு நாள்!

சகோதரிகளே, உங்கள் சமையலறை மேடையை ஒரு தரம் தொட்டுப் பாருங்கள். கிரானைட் போட்டவர்களை விட்டுவிடுகிறேன். என்னைப் போல இருபது வருடத்துக்கு முன்னால் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் என்றால், அது பெரும்பாலும் கறுப்புக் கடப்பா கல்லாகத்தான் இருக்கும். தினமும் அதன் மேல்தான் சப்பாத்தி தேய்க்கிறோம், காய் நறுக்குகிறோம். ஆனால் அந்தக் கல் பிறந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது நினைத்திருப்போமா? நானும் நினைத்ததில்லை. போன ஜனவரியில், பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு அதன் தாய்வீட்டுக்கே போய் வந்தேன்!

நாங்கள் நான்கு பேர், தாம்பரத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நான் இன்னும் தாம்பரத்திலேயே இருக்கிறேன். மற்றவர்கள் செலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை என்று வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். நான்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் நாங்கள் சந்திப்பது என்னவோ கல்யாண வீட்டுப் பந்தியில்தான்!

ஆரம்பித்து வைத்தது செலையூர்க்காரியின் மகள். அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்தில், கிராண்ட் கேன்யன் என்று ஒரு பெரும் பள்ளத்தாக்கு. கொலராடோ நதி பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கியது. நீளம் 446 கிலோ மீட்டர், ஆழம் ஒன்றரை கிலோ மீட்டருக்கும் மேல். கோடையில் அதற்குள் வெயில் கொளுத்துமாம். அதனால் குளிர்காலத்தில் சிநேகிதர்கள் கூட்டமாகச் சேர்ந்து, படுக்கை, சாப்பாடு எல்லாம் முதுகில் சுமந்து நாள் கணக்கில் நடக்கிறார்கள். போனில் அந்தப் படங்களைப் பார்த்து நாங்கள் பெருமூச்சு விட, அந்தப் பெண் சிரித்தாள். “அமெரிக்கா எதுக்கு ஆன்ட்டி? பக்கத்து ஆந்திராவிலேயே சின்னதா ஒண்ணு இருக்கே!”

அதுதான் கடப்பா மாவட்டத்துக் கண்டிக்கோட்டை.

வீட்டில் அனுமதி!

“இந்த வயசுல மூட்டை தூக்கிக்கிட்டு மலை ஏறப் போறியா? முழங்கால் வலின்னு நேத்துதானே தைலம் தேய்ச்சே?” என்றார் என் மாமியார். என்னவர் ஒன்றும் சொல்லவில்லை. காஸ் சிலிண்டர் எப்போது மாற்றினோம், பால்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். அதுவே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்!

பை கட்டுவது ஒரு பெரிய பாடம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. நான் அறுபது கிலோ. அப்படியானால் 12 கிலோ வரை தூக்கலாம். நம் முழங்காலுக்கு எட்டே போதும் என்று முடிவு செய்தேன். பழைய பேப்பர்காரர் தராசில் பையை வைத்தால் 13 காட்டியது! இரண்டு புடவை, எவர்சில்வர் டப்பாக்கள், ஊறுகாய் ஜாடி எல்லாம் வெளியே வந்தன. சுடிதார் இரண்டு, கம்பளி, போர்வை, டார்ச், அவல், சத்துமாவு, எள்ளுருண்டை, புளிக்காய்ச்சல் ஆகியவை தங்கின. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. பையில் கனமான பொருளே தண்ணீர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வறண்ட சீமையில்...

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைத் தாண்டி சென்ட்ரல். அங்கிருந்து மும்பை போகும் ரயிலில் கடப்பா. பிறகு பஸ்ஸில் ஜம்மலமடுகு. அங்கிருந்து கோட்டைக்குச் சுமார் 15 கிலோ மீட்டர், ஆட்டோவில். வழியில் அடுக்கடுக்காக வெட்டி வைத்த கல் பலகைகளைப் பார்த்ததும், “ஏண்டி, அதோ பாரு நம்ம அடுப்பு மேடை!” என்று கத்தினாள் குரோம்பேட்டைக்காரி. அவள் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது.

பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் ராயலசீமா மழை குறைந்த சீமை. முள்ளும் பாறையும்தான் அதிகம். தெலுங்கில் ‘கண்டி’ என்றால் மலை இடுக்கு. எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்துகொண்டு பெண்ணாறு ஓடும் அந்த இடுக்கு, ஓரிடத்தில் 300 அடி அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. இருபுறமும் சிவந்த பாறைகள், யாரோ பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தாற்போல நிற்கின்றன. சாயங்கால வெயில் அதில் பட்டபோது நாங்கள் நால்வரும் பேச்சையே மறந்துவிட்டோம்.

இந்தப் பெண்ணாறுதான் நம் வடபெண்ணை. கடலூரில் கடலில் சேரும் தென்பெண்ணைக்கு உடன்பிறப்பு. இரண்டும் கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஒன்று வடக்கே திரும்பி நெல்லூர்ப் பக்கமும், மற்றது தெற்கே நம் பக்கமும் போய்ச் சேர்கின்றன. “ஒரே வீட்டுல பொறந்து வேற வேற ஊருக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கச்சி மாதிரி” என்றாள் பெருங்களத்தூர்க்காரி. அவள் அக்கா சூரத்தில் இருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கோட்டைக்குப் பக்கத்தில் வாடகைக் கூடாரத்தில் முதல் ராத்திரி. பகலில் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்ததும் சில்லிட்டுப் போகிறது. காற்று கூடாரத்துணியைப் பிய்த்துவிடும் போல அடித்தது. மறுநாள் கோட்டையைச் சுற்றினோம். விஜயநகர ஆட்சியில் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். பிறகு கோல்கொண்டா தளபதி மீர் ஜும்லா கைப்பற்றினார். மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், இரண்டு மினார்களோடு மசூதி, அதன் பக்கத்திலேயே மண்டபம் போன்ற பெரிய தானியக் கிடங்கு. கிடங்கைப் பார்த்ததும் நாங்கள் பேசியது என்ன தெரியுமா? ‘இத்தனை தானியத்துக்கு வண்டு வராமல் என்ன போட்டிருப்பார்கள்’ என்றுதான்!

அப்புறம் வழி தெரிந்த ஓர் உள்ளூர்ப் பையனின் துணையோடு பாறைகளில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் பள்ளத்தில் இறங்கினோம். தண்ணீர் ஓரத்தில் அவலும் எள்ளுருண்டையும் சாப்பிட்டோம். கால் வலித்தாலும் மனசு பறந்தது.

நிரம்பிய பாட்டில்

இரண்டாம் நாள் ராத்திரி. குரோம்பேட்டைக்காரி சிரிக்கவில்லை. “அடிவயிறு வலிக்குதுடி... தண்ணி மாதிரிப் போகாம எரியுது” என்றாள். போர்வையில் சுருண்டு படுத்தாள். நடு ராத்திரியில் பல் கிட்டி நடுங்க ஆரம்பித்தாள். தொட்டால் உடம்பு நெருப்பு. இடுப்புக்கு மேலே முதுகு விண்ணென்று வலிக்கிறது என்றாள்.

மாத்திரை கொடுக்கலாம் என்று அவள் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். இரண்டு பாட்டில். ஒன்றில் பாதி குறைந்திருந்தது. இன்னொன்று, தாம்பரத்தில் நான் நிரப்பிக் கொடுத்தது, மூடியைக் கூடத் திறக்கவில்லை! இரண்டு நாளில் அவள் குடித்தது அவ்வளவுதான்.

எங்களை இறக்கிவிட்டுப் போன ஆட்டோக்காரத் தம்பிக்குப் போன் செய்தோம். “பயபடொத்து அக்கா” என்று சொல்லி, அந்தக் குளிரில் வந்து சேர்ந்தான். ஜம்மலமடுகில் ஒரு பெண் டாக்டர். சிறுநீரைப் பரிசோதித்து, ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார். கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறத் தொடங்கியிருக்கிறது, விடியட்டும் என்று காத்திருக்காமல் வந்தது நல்லதாயிற்று என்றார். தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து அவர் விளக்கியது எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தண்ணீர் குறைந்து, வந்ததையும் அடக்கி வைத்தால் கிருமி பெருகுகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களைவிட மிகவும் குட்டை. அதனால் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடுகிறது.

காலையில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் கேட்டேன். “ஏண்டி தண்ணி குடிக்கலை?” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கழிப்பறை தூரம். சுத்தி ஆம்பளைங்க கூடாரம். ராத்திரி உங்கள்ல யாரையாவது எழுப்பணும். எதுக்குத் தொல்லைன்னு குறைச்சுக்கிட்டேன். வேணும்னு செய்யலைடி, பழக்கம்.”

எந்தப் பழக்கம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்து காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வீடு சேரும் வரை அடக்கினோம். பிறகு பஸ் பயணத்தில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரி வரிசையில்... முப்பது வருடமாக அதையேதான் செய்கிறோம். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளில் நானும் ஒரு லிட்டருக்கு மேல் குடித்திருக்கவில்லை. எனக்கு வராதது என் அதிர்ஷ்டம்.

மூன்றாம் நாள் முழுக்க ஒரு விடுதி அறையில் அவளுக்குக் காவல் இருந்தோம். பக்கத்து நந்தியால் மாவட்டத்தில் பேலம் குகைகளுக்குப் போவதாகத் திட்டம். சுண்ணாம்புப் பாறையில் 3,229 மீட்டர் நீளத்துக்கு நீர் குடைந்த குகை. அதை 1884-ல் வெளியுலகுக்குச் சொன்னவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். அவர்தான் 1863-ல் நம் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்தவர்! நம்ம ஊர்க்காரர் மாதிரி ஆயிற்றே என்று ஆசையாக இருந்தோம். “நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கடி” என்றாள் அவள். யாரும் போகவில்லை. நான்காம் நாள் நால்வரும் ஒன்றாகவே ரயில் ஏறினோம்.

நான் கற்றுக்கொண்டவை

1. பயணத்தில் தாகத்துக்காகக் காத்திராமல், மணிக்கொரு தரம் நாலைந்து வாய் குடியுங்கள். நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் தேவை. நடை அதிகம் என்றால் இன்னும் கூட்ட வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுப்படி.

2. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சள் என்றால் உடம்பு தண்ணீர் கேட்கிறது.

3. மூன்று நான்கு மணிக்கொரு தரம் கழித்துவிடுங்கள். கூடாரம் போடும் முன் கழிப்பறை எங்கே என்று பாருங்கள். ராத்திரி இரண்டிரண்டு பேராகப் போவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் வெட்கம் இருக்காது.

4. வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

5. எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று வலி இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். குளிர் காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காதீர்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

வீடு வந்து சேர்ந்தேன். பால் பாக்கி தீர்ந்திருந்தது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நான் இல்லாமலே வீடு நடந்திருக்கிறது! மாமியார் மட்டும், “உன் ரசம் மாதிரி வரலைம்மா” என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார்.

மறுநாள் சாயங்காலம் எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பார்ப்பதுதான் என் வழக்கம். அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். காலையில் நான் நிரப்பியதில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. “பாத்ரூம் நல்லா இருக்காதும்மா” என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு. குரோம்பேட்டைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு அப்படியே நினைவுக்கு வந்தது.

அந்த வாரமே அம்மாக்கள் ஐந்து பேர் சேர்ந்து போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தோம். தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. மதியத்துக்குப் பிறகும் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கேட்டுக்கொண்டே இருப்போம்.

உங்கள் பெண் குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும், ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், பாட்டிலையும் ஒரு தரம் தூக்கிப் பாருங்கள்.

வருகிற ஜனவரியில் நாங்கள் நால்வரும் பேலம் குகைக்குப் போகிறோம். குரோம்பேட்டைக்காரி இப்போதே சொல்லிவிட்டாள்: “எள்ளுருண்டையைக் குறைச்சுக்கலாம், எனக்கு மூணு பாட்டில்!”