பெரிய விலங்கைத் தேடி ஒரு பயணம்: துப்பாக்கியோடா, கேமராவோடா?
குறைந்த செலவில் வாழ்நாள் கனவை நிறைவேற்றத் திட்டமிடுவது எப்படி

ஜார்ஜ்டவுன்: தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு வேட்டைக் கதை புதிதல்ல. பால்மரக் காட்டுக்குள் காட்டுப்பன்றி விரட்டியது, லயத்துக்குப் பின்னால் புலி உறுமியது, துரையோடு காட்டுக்குப் போன தாத்தா திரும்பி வந்து சொன்னது என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களில் சிலருக்கு, வேலை ஓய்வு பெறுவதற்குள் ஒரு தடவையாவது பெரிய விலங்கு வேட்டைக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது. ஆப்பிரிக்க வேட்டைக் காணொளிகளும் அந்த ஆசையைத் தூண்டி விடுகின்றன.

சாதாரணச் சம்பளக்காரருக்கு இது சாத்தியமா, சட்டம் இடம் தருமா, இல்லையென்றால் அதே ஆசையை வேறு எப்படி நிறைவேற்றலாம் என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் வனவிலங்குகளைக் காப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. அதை அமல்படுத்துவது வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான். புலி, யானை, செலாடாங் எனப்படும் காட்டெருது, தாப்பிர், கரடி, எறும்புத்தின்னி ஆகியவை முழுப் பாதுகாப்பில் உள்ளவை. பணம் கட்டினாலும் இவற்றை வேட்டையாட உரிமம் கிடையாது.

மான் வேட்டைக்கு ஒரு காலத்தில் உரிமம் தந்தார்கள். எண்ணிக்கை குறைந்ததால் 2009ல் அதையும் நிறுத்தி வைத்தார்கள். காட்டுப்பன்றியைச் சுடுவதற்குக்கூட பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் தனி. உடும்பையும் உரிமம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. "தோட்டத்தில் எல்லாரும் பிடிப்பதுதானே" என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது.

கம்பிக் கண்ணி வைப்பது இன்னும் பெரிய குற்றம். பன்றிக்கு என்று வைத்த கண்ணியில் புலியும் மாட்டும், யானைக்குட்டியின் காலும் மாட்டும். 2022ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஒரு நாள் கறிக்காகக் குடும்பத்தின் எதிர்காலத்தையே பணயம் வைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டுக்குப் போய் வேட்டையாடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

ஆப்பிரிக்கா போனால்?

தென்னாப்பிரிக்கா, நமீபியா, தான்சானியா போன்ற நாடுகளில் உரிமத்தோடு வேட்டையாட இன்றும் அனுமதி உண்டு. கென்யா 1977லேயே தடை செய்துவிட்டது. எனவே ஆப்பிரிக்கா முழுக்க ஒரே சட்டம் என்று நினைக்கக் கூடாது.

விளம்பரத்தில் காட்டும் விலை பெரும்பாலும் முழு விலை அல்ல. தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம். சுடும் ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கட்டணம். விலங்கு காயத்தோடு தப்பி ஓடிவிட்டாலும் அந்தக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும் என்பது அங்கே பொதுவான நடைமுறை. இதற்கு மேல் துப்பாக்கி வாடகை, கொம்பையும் தோலையும் பதப்படுத்தும் செலவு, கப்பல் அல்லது விமானச் சரக்குக் கட்டணம், விமான டிக்கெட், காப்புறுதி என்று வரிசையாக வரும். கொம்பை மலேசியாவுக்குக் கொண்டுவர விரும்பினால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் அனைத்துலக வாணிகம் பற்றிய 2008ஆம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே நிற்கும். அனுமதித் தாள் இல்லாத பொருள் சுங்கத்துறையிலேயே நின்றுவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், சாதாரண மான் வகைகளுக்கே பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். சிங்கம், யானை, காட்டெருமை என்றால் அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து இதற்குச் செலவழிப்பது அறிவுடைமை ஆகாது.

வேட்டைக்காரரே காட்டிய வழி

இதே ஆசையோடு காட்டுக்குள் போன ஒருவரின் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர், கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞர் ஹப்பேக்கின் சகோதரர். யானையையும் செலாடாங்கையும் வேட்டையாடுவதில் பேர் போனவர். அதைப் பற்றி 1905ல் புத்தகமே எழுதினார். ரப்பர் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிவதையும் விலங்குகள் குறைவதையும் கண்ணால் கண்டவர், பிற்காலத்தில் அவற்றைக் காப்பாற்றப் போராடினார். 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு விசாரணை ஆணையத்தை நடத்தினார். பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்களின் ஒப்புதலோடு அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா அமைந்தது. அதுதான் இன்றைய தாமான் நெகாரா, 4,343 சதுர கிலோமீட்டர்.

நம் தாத்தா பாட்டி காடு வெட்டித் தோட்டம் போட்ட அதே காலத்தில், மிச்சக் காட்டைக் காக்க ஒரு வேட்டைக்காரர் எழுந்தார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏன் இப்போதே?

காத்திருந்தால் பார்க்க விலங்கு இருக்காது என்பது வெறும் பேச்சல்ல. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இனி நம் பிள்ளைகள் அந்த விலங்கை நம் நாட்டில் பார்க்க வழியில்லை. மலாயாப் புலி காட்டில் 150க்கும் குறைவாகத்தான் இருக்கிறது என்பது முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின் முடிவு.

2025 மே 11, அன்னையர் தினத்தன்று அதிகாலை, கெரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. லாரிக்கு அடியில் சிக்கிய குட்டியை விட்டுப் போகாமல் தாய் யானை லாரியைத் தலையால் முட்டி நின்ற காட்சியை நாடே பார்த்தது. பினாங்கிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இடம் அது.

எங்கே போகலாம்?

ஒன்று, ராயல் பெலும். பினாங்குக்காரர்களுக்கு இதுதான் பக்கம். பட்டர்வொர்த்திலிருந்து கூலிம், பாலிங் வழியாகக் கெரிக் போய், அங்கிருந்து தெமெங்கோர் ஏரியில் உள்ள பண்டிங் தீவுப் படகுத்துறைக்குப் போக வேண்டும். பேராக் அரசு 2007ல் மாநிலப் பூங்காவாக அறிவித்த இந்தக் காட்டின் பரப்பு 117,500 ஹெக்டர். மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிப் பறவைகளையும் இங்கே பார்க்க வாய்ப்புண்டு. விலங்குகள் உப்பு நக்க வரும் 'ஜெனுட்' என்னும் உப்பு நிலங்களில் யானை, தாப்பிர், காட்டெருது ஆகியவற்றின் கால்தடங்கள் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் ஏரிக்கரையில் யானையே நிற்கும். பூங்காவுக்குள் நுழைய முன்அனுமதி வேண்டும். மைகார்டு நகலைப் படகு நடத்துநரிடம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

இரண்டு, தாமான் நெகாரா. கோலா தாகானில் தங்கி, காட்டுக்குள் இருக்கும் மறைவுக் குடிலில் ஓர் இரவு கழிக்கலாம். போகும் வழியில் லஞ்சாங் அருகே கோலா கண்டா யானைக் காப்பகம் உண்டு. காட்டில் யானை கண்ணில் படாவிட்டாலும் பிள்ளைகள் ஏமாறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம், தவிர்ப்பது நல்லது.

மூன்று, சபாவின் கினபத்தாங்கான் ஆறு. சண்டாக்கான் வரை விமானம், அங்கிருந்து சாலை வழியாக சுக்காவ். ஆற்றில் படகில் போகும்போதே ஓராங் ஊத்தான், நீள்மூக்குக் குரங்கு, முதலை, சில நேரம் போர்னியோ யானைக் கூட்டம் எல்லாம் கண்ணில் படும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஏற்ற இடம். கிராமத்து வீடுகளில் தங்கினால் செலவு குறையும்.

நான்கு, ஊருக்குப் போகும்போது முதுமலை. பல குடும்பங்கள் எப்படியும் ஒரு முறை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகின்றன. அந்தப் பயணத்தில் இரண்டு நாளைக் கூட்டினால் நீலகிரிக்குக் கீழே முதுமலைப் புலிகள் காப்பகம். தெப்பக்காட்டில் வனத்துறையே வாகனத்தில் காட்டுக்குள் அழைத்துப் போகிறது. புள்ளிமான், காட்டெருது, யானை சாதாரணமாகத் தென்படும். அங்குள்ள யானை முகாமைப் பற்றிய குறும்படம்தான் 2023ல் ஆஸ்கார் விருது வாங்கியது. ஊட்டிக்குப் போகும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் சுற்றுலாவை நிறுத்துவதும் உண்டு. போவதற்கு முன் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இலங்கை போகிறவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாக் குளத்தை மறக்க வேண்டாம். கோடையில் தண்ணீர் வற்றும்போது நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே ஒன்றுகூடும். திருக்கோணேஸ்வரத் தரிசனத்தோடு அதையும் சேர்த்துக் கொள்ளலாம்.

செலவைக் குறைப்பது எப்படி?

முதலில், ஆள் சேர்த்துப் போங்கள். படகுக்கும் ஜீப்புக்கும் வாடகை தலைக்கு அல்ல, வண்டிக்கு. உதாரணத்துக்கு, படகு வாடகை 600 ரிங்கிட் என்று வைத்துக் கொள்வோம். நான்கு பேர் போனால் ஆளுக்கு 150, பத்துப் பேர் போனால் 60தான். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் போதும்.

இரண்டாவது, நேரம் எடுத்துச் சேருங்கள். மாதம் 150 ரிங்கிட் ஒதுக்கினால் இரண்டு ஆண்டில் 3,600. உள்நாட்டுப் பயணத்துக்கு அது நல்ல தொடக்கம். கடன் வாங்கியோ வட்டிக்கு எடுத்தோ போகும் பயணத்தில் மனம் நிம்மதியாக இருக்காது.

மூன்றாவது, பள்ளி விடுமுறையையும் நீண்ட வாரக் கடைசியையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அந்த நாள்களில் விமானமும் தங்குமிடமும் விலை ஏறும்.

நான்காவது, பணம் கட்டுவதற்கு முன் சுற்றுலா நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதிக் கட்டணம், சாப்பாடு, வழிகாட்டி, படகு எல்லாம் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். முகநூல் விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் பணம் போடாதீர்கள்.

பாதுகாப்பில் கவனம்

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பகலிலேயே பயணம் செய்யுங்கள். யானை கடக்கும் பலகையைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள். யானையைக் கண்டால் ஹாரன் அடிப்பது, விளக்கை அடித்துக் காட்டுவது, இறங்கிப் படம் எடுப்பது வேண்டாம்.

காட்டில் வழிகாட்டியின் சொல் தட்டாதீர்கள். நீளக் கை சட்டை, அட்டைக் காலுறை, கொசு மருந்து அவசியம். குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா நம் நாட்டுக் காடுகளில் உண்டு. திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைக் கூடுதலாக இரண்டு நாளுக்கு எடுத்துச் செல்லுங்கள். காட்டுக்குள் கிளினிக் இல்லை.

இன்னொன்று, பணம் கட்டிவிட்டோம் என்பதற்காகப் புலி வந்து நிற்காது. பலர் கால்தடத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். ஒரு நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்று போகாமல், குறைந்தது இரண்டு இரவு தங்கும்படி திட்டமிட்டால் வாய்ப்பு கூடும். நல்ல கேமரா இல்லையென்றாலும் பரவாயில்லை, ஒரு தொலைநோக்கி இருந்தால் போதும்.

வீட்டில் வேட்டைக் கதை சொல்லும் பெரியவர் இன்னும் இருக்கிறாரா? அவரால் படகில் ஏறி உட்கார முடிகிற காலத்திலேயே அவரையும் அழைத்துப் போங்கள். பேரப்பிள்ளைக்கு அந்தக் காட்டில் வைத்து அவரே கதை சொல்லட்டும்.