கேமரா எத்தனைங்கிறது அப்புறம்... பதிவு எங்க இருக்கும்?

நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலையில இருக்கீங்க. அப்பா அம்மா அம்பாசமுத்திரத்துலயோ பாளையங்கோட்டையிலயோ தனியா இருக்காங்க. போனஸ் வந்ததும் "ஊர் வீட்டுக்கு கேமரா போட்டுரலாமா?"ன்னு தோணும். நியாயமான செலவுதான். ஆனா பணம் எதுல போகணும்னு பார்ப்போம்.

2019 ஆகஸ்ட்ல கடையம் பக்கம் கல்யாணிபுரத்துல நடந்தது ஞாபகம் இருக்கா? அப்போ அது நெல்லை மாவட்டம், இப்போ தென்காசி. ராத்திரி வீட்டு வாசல்ல உட்கார்ந்திருந்த பெரியவர் கழுத்துல, முகமூடி போட்ட ஒருத்தன் பின்னாடி இருந்து துணியைப் போட்டு இறுக்குறான். சத்தம் கேட்டு ஓடி வந்த அவர் மனைவி செருப்பு, நாற்காலின்னு கையில கிடைச்சதை எல்லாம் வீசுறாங்க. அரிவாளோட வந்த ரெண்டு பேரையும் விரட்டிட்டாங்க. அந்த சுதந்திர தினத்துல தமிழக அரசு விருதும் கொடுத்துச்சு. கவனிங்க, கேமரா யாரையும் தடுக்கல. பதிவு பத்திரமா இருந்ததாலதான் நடந்தது அப்படியே வெளிய வந்துச்சு. நீங்க காசு கொடுக்கறது அந்தப் பதிவுக்குத்தான்.

வைஃபை கேமரா விலை குறைவு. ஆனா மெமரி கார்டு கேமராவுக்குள்ளயே இருக்கும். கேமராவைப் பிடுங்கிட்டா ஆதாரமும் போச்சு. கிளவுட் சந்தா போடலாம். மாசம் 150 ரூபாய்னா 5 வருஷத்துக்கு 9,000 ரூபாய். இதை கேமரா விலையோட கூட்டிட்டு அப்புறம் எது மலிவுன்னு சொல்லுங்க.

சொந்த வீடுன்னா டிவிஆர் இல்ல என்விஆர் என் சாய்ஸ். 2 மெகாபிக்சல் கேமரா ஒண்ணு, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்துல பதிவு செஞ்சா ஒரு நாளைக்கு சுமார் 22 ஜிபி. நாலு கேமரான்னா 1 டிபி ஹார்டு டிஸ்க் 11 நாள்ல நிரம்பி, பழசு அழிய ஆரம்பிக்கும். நீங்க ஊருக்குப் போறது மாசம் ஒருக்கன்னா? ரெண்டு கேமராவைக் குறைச்சுட்டு டிஸ்க்கைப் பெருசாக்குங்க. கடைக்காரர் 5 மெகாபிக்சல்னு ஆசை காட்டுவார். அதுக்கு இடம் இன்னும் கூட வேணும்.

அதை எங்க வைக்கிறது? டிவி ஸ்டாண்டுக்குக் கீழ வேண்டாம். திருடன் முதல்ல தேடுற இடமே அதுதான். 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்ததையும் மறந்துராதீங்க. மாடியில, காத்தோட்டமா, பூட்டுற அலமாரியில வைங்க. கரண்ட் போனா டிவிஆரும் ரவுட்டரும் ரெண்டுமே ஓடுற மாதிரி யுபிஎஸ் கொடுங்க.

கொட்டேஷன்ல கேமரா, டிஸ்க், கேபிள், ஃபிட்டிங் கூலி எல்லாம் தனித்தனியா கேளுங்க. "பில் வேண்டாம்னா 18% ஜிஎஸ்டி மிச்சம் சார்"ம்பாங்க. பில் இல்லாம வாரண்டி எப்படிக் கேப்பீங்க? 2025 ஏப்ரல் 9-ல இருந்து சிசிடிவி கேமராவுக்கு அரசோட பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயம். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில தர்றாங்களான்னு பாருங்க.

வரிச்சலுகை உண்டான்னு கமெண்ட்ல கேப்பீங்க, தெரியும். நீங்க குடியிருக்கற வீட்டுக்கு, இல்ல. வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் தனியா கிடையாது. அந்த 30% நிலையான கழிவுக்குள்ளயே இதுவும் அடக்கம்.