கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறதா... கருவிழியையும் பரிசோதியுங்கள்!

‘போன வருஷம்தானே கண்ணாடி மாத்தினோம்... அதுக்குள்ள பவர் ஏறிடுச்சா?’ டீன் ஏஜ் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பழி பெரும்பாலும் செல்போன் மீது விழும். ஆனால், சிலருக்குக் காரணம் ‘கெரட்டோகோனஸ்’ என்ற கருவிழிப் பிரச்னையாக இருக்கலாம்.

என்ன நடக்கிறது?

கண்ணின் முன்பக்கம் இருக்கும் கார்னியா என்கிற கருவிழியின் நடுப்பகுதி, சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். கெரட்டோகோனஸில் அது மேலும் மெலிந்து, கூம்பு போல முன்னால் துருத்தும். இது கிருமியால் வருவதல்ல; யாருக்கும் தொற்றாது. பெரும்பாலும் டீன் ஏஜில் தொடங்கி, 30 வயதைத் தாண்டியும் வளரலாம்.

அறிகுறிகள்

* சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போவது
* புதுக் கண்ணாடி போட்டும் தெளிவின்மை
* இரவில் விளக்கொளி சிதறித் தெரிவது

குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு அதிகம். அலர்ஜி அரிப்பால் கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கமும் முக்கியக் காரணம்.

சிகிச்சை என்ன?

‘கார்னியல் டோபோகிராபி’ என்ற வலியில்லாத ஸ்கேன், கருவிழியின் வளைவைப் படமாகக் காட்டிவிடும். பாதிப்பு வளர்கிறது என்றால் ‘கிராஸ்லிங்கிங்’ செய்வார்கள். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் உருவான முறை இது. ரிபோஃப்ளேவின் எனும் வைட்டமின் பி2 சொட்டு மருந்தை விட்டு, புற ஊதா ஒளியைச் செலுத்துவார்கள். வழக்கமான முறையில் மருந்துக்கு அரை மணி நேரம், ஒளிக்கு அரை மணி நேரம். இதனால் கருவிழியின் கொலாஜன் இழைகள் இறுகி, உறுதிபெறும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கிராஸ்லிங்கிங்கின் வேலை, பாதிப்பை இருக்கும் இடத்திலேயே நிறுத்துவது. இழந்த பார்வையை முழுமையாக மீட்டுத் தராது. ‘பரீட்சை முடியட்டும், லீவுல பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடும் மாதங்களில் போகும் பார்வை போனதுதான். பிறகு கண்ணாடி போதாதவர்களுக்குப் பிரத்யேக கான்டாக்ட் லென்ஸ் கைகொடுக்கும். மிகவும் முற்றினால், தானமாகக் கிடைக்கும் கருவிழியைப் பொருத்தும் அறுவை சிகிச்சைதான் வழி.

பெற்றோர் கவனத்துக்கு...

* கண்ணைக் கசக்கும் பிள்ளையைத் திட்டாமல், அலர்ஜிக்கு மருத்துவரிடம் காட்டுங்கள். சுத்தமான துணியில் குளிர் ஒத்தடம் அரிப்பைத் தணிக்கும்.
* பவர் வேகமாக ஏறினால் கண்ணாடிக் கடையோடு நிறுத்தாமல், கண் மருத்துவரிடம் கருவிழி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.
* பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பவர் எவ்வளவு வேகமாக மாறியது என்பதை மருத்துவருக்குச் சொல்பவை அவைதான்.
* கெரட்டோகோனஸ் இருப்பவர்களுக்கு லேசிக் சிகிச்சை ஏற்றதல்ல; மெலிந்த கருவிழியை அது மேலும் பலவீனமாக்கும்.