சாவி யார் கையில்?

குழந்தைகளின் படிப்பு விருத்தியடைய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் தாய் தகப்பன்மார் உலகில் எங்கேனும் உண்டோ? ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலுள்ள ஜார்ஜியா ராஜ்யத்து ஜனங்கள் 2016-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதியன்று, ஏறக்குறைய இத்தகையதொரு கேள்விக்கு "வேண்டாம்" என்றே வோட்டளித்தார்கள். நூற்றுக்குச் சுமார் 60 பேர் அப்படிச் சொன்னார்கள். இது என்ன விந்தை என்று நேயர்கள் திகைக்கலாம். விஷயத்தைச் சற்று விசாரித்தால் திகைப்பு நீங்கிவிடும்.

ஜார்ஜியாவில் பொதுப் பாடசாலைகளை நடத்துவது உள்ளூர்ப் பள்ளிச் சபை. அதன் அங்கத்தினர்களை ஊராரே தேர்ந்தெடுக்கிறார்கள். வீடு நிலங்களின் மீது ஊரார் செலுத்தும் வரியே செலவில் ஒரு பெரும் பகுதியைத் தாங்குகிறது. அரசியல் சட்டமே வகுத்த ஏற்பாடு இது.

அப்போது கவர்னராயிருந்த நேதன் டீல் ஒரு யோசனை கொண்டுவந்தார். ராஜ்யத்தின் மதிப்பீட்டில் தொடர்ந்து மூன்று வருஷம் 60 மார்க்குக்குக் குறைந்த பாடசாலைகளைத் தனியொரு அதிகாரியின் வசம் ஒப்புவிக்க வேண்டும். அவரைக் கவர்னரே நியமிப்பார். வருஷத்துக்கு 20 பள்ளிகள் வரையில் எடுத்துக்கொள்ளலாம். எந்தச் சமயத்திலும் 100-க்கு மேற்படக் கூடாது. அதிகாரி அவற்றைத் தாமே நடத்தலாம், சபையோடு சேர்ந்து நடத்தலாம், தனி நிர்வாகத்துக்கு மாற்றலாம், அல்லது மூடியே விடலாம்.

கவர்னரின் கவலையைப் போலியென்று நாம் சொல்ல மாட்டோம். அப்பள்ளிகளில் பெரும்பாலானவை ஏழைகள் வசிக்கும் பேட்டைகளில் இருந்தன. சபைகள் விழித்துக்கொள்ளும் வரையில் குழந்தைகளின் வயது காத்திருக்குமா? லூயிஸியானா ராஜ்யம் இத்தகைய ஏற்பாட்டை 2003-லேயே தொடங்கியிருந்ததும் அவருக்கு முன்மாதிரியாயிற்று.

2015-ல் சட்டசபையின் இரு பிரிவுகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் இதை நிறைவேற்றின. ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்த ஜனங்களின் சம்மதமும் வேண்டும். வோட்டுச் சீட்டிலோ, மாணவர்களின் தேர்ச்சி உயரும்பொருட்டு ராஜ்ய சர்க்கார் தலையிடலாமா என்று மட்டுமே அச்சிட்டிருந்தது. ஊர்ச் சபையின் அதிகாரம் பறிபோவதைப் பற்றி மூச்சே இல்லை! கூரை ஒழுகுகிறதே, செப்பனிடலாமா என்று கேட்டு வருகிறவர், வீட்டுச் சாவியையும் தமக்கே எழுதி வாங்கிக்கொண்டால் எப்படி? வாசகம் மக்களை மயக்குகிறதென்று நீதிஸ்தலத்தில் வழக்குக்கூடத் தொடரப்பட்டது. உபாத்தியாயர்களும் பெற்றோர் சங்கத்தாரும் சீட்டில் இல்லாததை ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள்.

கவர்னர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அன்றைய தினமே அந்த ராஜ்யம் ஜனாதிபதி பதவிக்கு அக்கட்சியின் அபேக்ஷகரையே ஆதரித்தது. அப்படியிருந்தும் இந்தத் திருத்தம் தோற்றது. பள்ளிக்கூட விஷயத்தில் ஜனங்கள் கட்சி பார்க்கவில்லை, சாவியைத்தான் பார்த்தார்கள்.

ஆனால், சாவி கையில் இருப்பதனால் மட்டும் கூரை ஒழுகுவது நின்றுவிடுமா? 2017-ல் மற்றொரு சட்டம் பிறந்தது. பின்தங்கிய பள்ளிகளுக்கு உள்ளூர்ச் சபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு உதவ அது வழி செய்தது. லூயிஸியானாவிலும், ராஜ்யத்தின் வசமிருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பள்ளிகள் 2018-ல் ஊர்ச் சபையின் மேற்பார்வைக்கே திரும்பின.

பாடசாலை எங்களுடையது என்று சொல்வது எளிது. வோட்டுப் போட்ட மறுநாளும் அதன் வாயிற்படி ஏறிப் பார்ப்பவர்களுக்கே அவ்வுரிமை நிலைக்கும்.