சோலைவரியும் குப்பையகற்றலும்

மக்கள் கூடி வாழுமிடமெங்கும் கழிவும் உடன்பிறக்கின்றது. தனித்துறையும் ஒரு குடும்பத்தின் குப்பைக்கு வளவின் கோடியில் ஒரு குழியும் ஒரு வாழையடியுமே போதும். நூறு குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊரிலோ ஒருவர் முற்றத்துக் குப்பை மற்றொருவர் கிணற்றுக்குப் பகையாகின்றது. ஆதலின் அதனை அகற்றுதல் தனியொருவர் வேலையாகாது பொதுவேலையாயிற்று. பொதுவேலையெனின் பொதுப்பணம் வேண்டும். அப்பணம் எங்கிருந்து வருகின்றது, எவ்வாறு செலவாகின்றது, வேண்டுமளவு வாராதவிடத்து யாது நிகழ்கின்றது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இப்பொருள் நம் காலத்தில் முளைத்ததன்று. கௌடலியரின் அர்த்தசாத்திரம் வீதியில் குப்பை கொட்டுவோனுக்கு அரைக்கால் பணமும், சேறும் நீரும் தேங்கச் செய்வோனுக்குக் கால் பணமும் தண்டம் விதிக்கின்றது. அரசவீதியாயின் இவை இருமடங்கு. தண்டம் விதித்தல் எளிது. குப்பையை அள்ளுவார்க்குக் கூலி கொடுத்தலே அரிது. தண்டம் குற்றஞ் செய்தவனிடமிருந்து மட்டும் வருவது; கூலியோ நாடோறும் வேண்டப்படுவது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் வரியும் கட்டணமும் ஏன் வேண்டப்பட்டன என்பது தானே விளங்கும்.

இலங்கையில் 1865ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச்சட்டத்தோடு இக்கடமை சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. அதன்பின் 1939இல் நகரசபைகளுக்கும், 1946இல் பட்டினசபைகளுக்கும், 1947இல் மீண்டும் மாநகரசபைகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் எழுந்தன. கிராமசபைகளும் பட்டினசபைகளும் பின்னர் நீக்கப்பட, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நாட்டுப்புறத்துக்குப் புதிய மன்றங்களைத் தந்தது. அச்சட்டத்தின் 93, 94, 95ஆம் பிரிவுகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை. வீதிகளைக் கூட்டித் துப்புரவாக்கலும், வீட்டுக்குப்பையை உரிய காலத்தில் அகற்றலும், அகற்றியதைத் தக்கவாறு ஒழித்தலும் சபையின் கடன் என அவை கூறுகின்றன. அன்றியும் சபை சேர்க்கும் குப்பை யாவும் சபையின் உடைமை எனவும் விதிக்கின்றன. வேண்டாவென்று நாம் எறியும் பொருள் வண்டியில் ஏறிய கணமே ஒரு மன்றத்தின் சொத்தாகிவிடுகின்றது. அச்சொத்தை விற்றுப் பொருளீட்டும் உரிமையும், அதனாற் கேடு விளைந்தால் பொறுப்பேற்கும் சுமையும் அம்மன்றத்தையே சாரும்.

இனி வருவாயைப் பார்ப்போம். வருவாயுள் தலையாயது சோலைவரி. பெயரைக் கேட்போர் தோட்டந்துரவுக்கு விதிக்கும் வரியென மயங்குவர்; அது வீடு, கடை, காணி என்னும் ஆதனங்களின் வருடாந்தப் பெறுமதிமீது விதிக்கப்படுவது. வருடாந்தப் பெறுமதியாவது, அவ்வாதனத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கக்கூடும் என மதிப்பிட்ட தொகை. எடுத்துக்காட்டாக ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி 20,000 ரூபா எனவும், வரிவீதம் நூற்றுக்கு 6 எனவும் கொள்வோம். வரி ஆண்டுக்கு 1,200 ரூபா, அஃதாவது மாதத்துக்கு 100 ரூபா. இந்த நூறு ரூபாவும் குப்பைக்கென்றே ஒதுக்கப்படுவதன்று. தெருவிளக்கு, ஒழுங்கை, வடிகால், நூலகம், சந்தை, அலுவலகச் செலவு அனைத்துக்கும் அதுவே பொதுநிதி.

இப்பொழுது மறுபக்கத்தையும் கணக்கிடுவோம். ஓர் உழவு இயந்திரம், ஒரு சாரதி, மூன்று தொழிலாளர், எரிபொருள், பழுதுபார்த்தல் ஆகிய அனைத்துக்கும் மாதம் மூன்று இலட்சம் ரூபா செல்வதாகவும், அவ்வண்டி 400 வீடுகளுக்குச் செல்வதாகவும் வைத்துக்கொண்டால் வீடொன்றுக்கு 750 ரூபா ஆகின்றது. இவை விளக்கத்தின் பொருட்டு யாம் வைத்துக்கொண்ட எண்களேயாயினும், நூறுக்கும் எழுநூற்றைம்பதுக்கும் இடையிலுள்ள பள்ளம் கற்பனையன்று. மதிப்பீடுகள் பலவிடத்தும் நெடுங்காலம் புதுப்பிக்கப்படாது கிடக்க, எரிபொருள் விலையோ 2022இன் பொருளாதார நெருக்கடியில் பன்மடங்கு ஏறியது. அவ்வாண்டில் விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்க்குங்கூட டீசல் கிடைக்கவில்லை.

வகுப்பறையில் இதனை விளக்கியபோது மாணவனொருவன், “எங்கட வீட்டுக்குச் சோலைவரியே இல்லை, சேர், அப்ப எங்கட குப்பைக்குக் காசு ஆர் குடுக்கிறது?” என்று வினவினான். நல்ல வினா. சோலைவரி எல்லாவிடத்தும் இல்லை. பிரதேச சபையொன்றின் எல்லைக்குள்ளும், கட்டடங்கள் செறிந்து வளர்ச்சியுற்ற இடமெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளிலேயே அது அறவிடப்படும். அவன் வீட்டுக் குப்பைக்குப் பணம் கொடுப்போர் மூவர். சபையின் நிரந்தர ஊழியரது சம்பளத்தின் பெரும்பங்கை மாகாண சபை வழியாக அரசாங்கம் மீளளிக்கின்றது. இது நாடு முழுவதும் செலுத்தும் வரிப்பணம். முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் சபைக்கு வந்து சேர்கின்றன. காணி வாங்குவோரும் குற்றஞ் செய்வோரும் இவ்வகையில் உதவுகின்றனர். மூன்றாமவர் கடைக்காரர். வாணிப நிலையங்களிலும் உணவுச்சாலைகளிலும் சேரும் குப்பை வீட்டுக்குப்பையினும் மிகுதியாதலின், அவற்றுக்குத் தனிக்கட்டணம் அறவிடும் வழக்கம் பல சபைகளில் உண்டு. இங்ஙனமாக, யாரோ கொடுக்கின்ற பணத்தில் நம் குப்பை போகின்றது. கொடுப்பவரை அறியாதவர் அப்பணியின் விலையையும் அறியார்.

செலவின் இயல்பிலும் ஒரு நுட்பம் உண்டு. அள்ளுதல் கண்ணுக்குத் தெரியும் வேலை. வண்டி வாராவிடின் மறுநாளே மக்கள் முறையிடுவர். ஒழித்தல் கண்ணுக்குத் தெரியாத வேலை. குப்பை ஊருக்கப்பால் எங்கே கொட்டப்படுகின்றது என்று கேட்போர் அரியர். எனவே பணம் குறைந்த சபை முதலிற் கைவிடுவது ஒழித்தலையே. 2016ஆம் ஆண்டளவில் யப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவரகம் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, இலங்கையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,700 தொன் குப்பை தோன்ற, உள்ளூராட்சி மன்றங்கள் சேகரித்தது ஏறக்குறைய 3,400 தொன் மட்டுமே. எஞ்சியது வீட்டு வளவிலே புதைக்கவோ எரிக்கவோ பட்டது, அல்லது ஓடையிலும் களப்பிலும் சென்று சேர்ந்தது.

சேகரித்ததன் கதியும் எப்பொழுதும் நன்றன்று. கொழும்பு மாநகரின் குப்பை மலைபோற் குவிக்கப்பட்ட மீதொட்டமுல்லையில், 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுப் பண்டிகையின் பிற்பகலில், அம்மேடு சரிந்து வீடுகளை மூடியது; முப்பத்திருவர் மாண்டனர். அவர்கள் கொழும்பு மாநகரசபைக்கு வரி செலுத்துவோரல்லர். அயலிலுள்ள கொலன்னாவையின் குடிமக்கள். ஒரு மன்றத்தின் மலிவான சேவைக்கு வேறொரு மன்றத்தின் மக்கள் விலை கொடுத்தனர்.

நம் கிழக்கு மாகாணத்திலும் ஒரு படிப்பினை உண்டு. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு குப்பை ஒழிக்குமிடமொன்று அமைக்கப்பட்டது. அயலூர்கள் ஒன்பதின் குப்பை அங்கே சென்றது. ஆயின் மீள்சுழற்சி நடைபெறவில்லை. சுற்றியிருந்த மின்வேலி 2014இல் இடிவிழுந்து பழுதுற, அதனைத் திருத்துவாரில்லை. காட்டுயானைகள் உட்புகுந்து பொலித்தீனையும் உணவெனத் தின்றன. 2022 சனவரியில் இரு யானைகள் இறந்துகிடந்தபோது, எட்டாண்டுகளில் ஏறக்குறைய இருபது யானைகள் அவ்வாறு மாண்டமை வெளியாயிற்று. கட்டுவதற்கு வெளிநாட்டார் பணந் தருவர். வேலிக்கம்பியை ஆண்டுதோறும் திருத்துவதற்கு எவரும் தாரார். மூலதனம் நன்கொடையால் வரலாம். பராமரிப்போ உள்ளூர் வருவாயினாலன்றி நடவாது. இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விழைவது யாதேனும் உண்டெனின் இதுவேயாம்.

கிண்ணியாவுக்கு வருவோம். இங்கு நகரசபை, பிரதேச சபை என இரு மன்றங்கள் உள. ஒரு கொடியையும் ஒரு நீர்நிலையையும் பெயரிலேயே தாங்கிய குறிஞ்சாக்கேணி களப்பின் ஓரத்தில் அமைந்தது. நீர் சூழ்ந்த தாழ்நிலத்தில் குப்பை தேங்கினால் கேடு விரைவில் வரும். 2017இன் முற்பகுதியில் டெங்கு இங்கு எழுந்தபோது திருகோணமலை மாவட்டத்துள் கிண்ணியாவே கடுமையாகத் தாக்குண்டது. பாடசாலைகள் சில நாள் மூடப்பட்டன, மருத்துவமனையில் கட்டில்கள் போதவில்லை, உயிர்களும் போயின. அவ்வாண்டு நாடளாவிய நோயாளர் தொகை 1,86,000ஐக் கடந்தது. டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடுவதன்று. சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய ரயர், நெகிழிக் கோப்பை என்பவற்றில் தேங்கும் தெளிந்த மழைநீரையே தேடுவது. இவை யாவும் குப்பைவண்டி கொண்டுசெல்ல வேண்டிய பொருள்கள். கட்டணஞ் செலுத்த மறுத்த வீட்டின் சிரட்டையிற் பிறந்த நுளம்பு, செலுத்திய வீட்டின் குழந்தையைக் கடியாது விடுமோ? பொருளியலார் குப்பையகற்றலைச் சாதாரண வாணிபச் சரக்காகக் கொள்ளாமைக்குக் காரணம் இதுவே. பால் வாங்க மறுத்தவர் பாலின்றி இருப்பார். குப்பைக்குப் பணந்தர மறுத்தவரோ ஊரையே நோயுறச் செய்யக்கூடும்.

பிறநாட்டார் இச்சிக்கலைப் பலவாறு தீர்க்க முயன்றுள்ளனர். நம்மவர் பலர் குடியேறிய சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்சில், 1993ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி, வீட்டுக்கழிவுச் சேவையின் செலவைப் பொதுவரியிலிருந்து எடுத்தலாகாது. வரிச்சிட்டையில் அதற்கெனத் தனிக்கட்டணம் குறிக்கப்படவேண்டும். அக்கட்டணமும் சேவையின் நியாயமான செலவை மிஞ்சலாகாது. ரொறன்ரோ மாநகரம் 2008இல் குப்பைத் தொட்டியின் அளவுக்கேற்பக் கட்டணம் விதித்தது. பெரிய தொட்டிக்கு மிகுதி, சிறியதற்குக் குறைவு. தென்கொரியா 1995 சனவரி முதலாம் நாள் தொடக்கம் விலைகொடுத்து வாங்கிய பையிலன்றிக் குப்பை வைத்தலைத் தடுத்தது. தரம்பிரித்த மீள்சுழற்சிப் பொருளுக்கோ கட்டணமில்லை. இம்முறையால் குப்பை சுருங்கியது உண்மை. ஆயின் பைக்கு விலை வைத்தால் இரவிற் களப்போரத்தில் வீசிவிட்டுச் செல்வோர் இங்கு எத்துணைப் பேர் எனச் சிந்தித்தல் வேண்டும். காவலும் பழக்கமும் இல்லாவிடத்து அளவுக்கட்டணம் களவுக்கட்டணமாகிவிடும்.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கேரளம் எனத் தோன்றுகின்றது. அங்கே ‘ஹரிதகர்ம சேனை’ என்னும் பெண்கள் குழுவினர் வீடுவீடாகச் சென்று, கழுவி உலர்த்திய நெகிழிப் பொருள்களைப் பெற்றுக்கொள்கின்றனர். கிராமப் பஞ்சாயத்துகளில் மாதம் ஐம்பது இந்திய ரூபா கட்டணம் வாங்குகின்றனர். தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. ஆயினும் பணத்தைப் பெறுபவரும் பொருளை எடுப்பவரும் ஒருவரே ஆதலின், கொடுத்த பணம் எங்கே போயிற்று என்னும் ஐயம் குறைகின்றது. மாறாகச் சென்னையில் 2021 சனவரி முதல் வீடுகளுக்குக் குப்பைக் கட்டணம் அறவிடப்படுமென அறிவித்த மாநகராட்சி, எதிர்ப்பெழவே அதனை நிறுத்திவைத்தது.

மீள்சுழற்சியே தன் செலவைத் தான் தாங்கும் என்போர் உளர். அஃது அரைகுறை உண்மை. கடதாசி, போத்தல், இரும்பு, நெகிழி என்பவற்றுக்கு விலையுண்டு. எனினும் அவற்றை வாங்கும் ஆலைகள் பெரும்பாலும் மேற்கு மாகாணத்தில் உள்ளன. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பாரத்திற் குறைந்து பருமனில் மிகுந்த வெற்றுப் போத்தலை அவ்வளவு தூரம் ஏற்றிச்செல்லும் கூலி விலையை விழுங்கிவிடும். நசுக்கிக் கட்டும் பொறி இருந்தாலன்றி இலாபமில்லை. நம் நாட்டுக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. அதனைக் கூட்டெருவாக்கினால் வாங்குவோர் அண்மையிலேயே உளர். தம்பலகாமத்து வயலுக்கும் கிண்ணியாத் தோட்டத்துக்கும் வண்டிக்கூலி பெரிதன்று. பலாங்கொடை நகரசபை கூட்டெருச் செய்து விற்பதிற் பெயர்பெற்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டபோது நாடெங்கும் கூட்டெருவைத் தேடினர். ஆனால் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலந்த எருவை எந்த உழவன் தன் வயலிலிட்டு வெறுங்காலோடு நடப்பான்? வீட்டு வாசலிற் பிரிக்கப்படாத குப்பை சபை முற்றத்திற் பொருளாவதில்லை. பிரித்துக் கொடுத்தபின் வண்டிக்காரர் இரண்டையும் ஒரே பெட்டியிற் கொட்டுதலும் ஆங்காங்கு காணப்படுவதே. அதனைக் கண்ட இல்லத்தரசி மறுவாரம் பிரியாள்.

ஆகவே எவ்வளவு கட்டணம் என்பதினும் அதன் கணக்கு யாது என்பதே பெரிய வினா. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள் சபை உறுப்பினர் தேர்வுக்கு விதி வகுக்கையில், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என விலக்கின. ஆயிரத்தொருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விதியின் கடுமை இன்று வேண்டியதில்லை. அதன் நோக்கம் வேண்டும். நியூ சவுத் வேல்சிற் போல வரிச்சிட்டையில் குப்பைக்கெனத் தனிவரி குறிக்கப்படுமாயின், நம் சபைகளிலும் வரவையும் செலவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தல் எளிதாகும். இங்கு அவை பொதுநிதியிற் கலந்து கிடக்கின்றன. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சிற் காலமுடிந்து கலைந்து, 2025 மே 6ஆம் நாள் நடந்த தேர்தல்வரை உறுப்பினரின்றி உத்தியோகத்தராலேயே நடத்தப்பட்டன. அக்காலத்தும் சோலைவரி அறவிடப்பட்டது. ஆனால் அதைப்பற்றிச் சபையில் எழுந்து கேட்பார் இருக்கவில்லை.

இன்று கேட்பதற்கு உறுப்பினர் உளர். அவர் கேளாவிடின் குடிமகனும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், பதினான்கு வேலைநாள்களுக்குள் அதன்மீது முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். விண்ணப்பத்தில் வினவத்தக்கவை மூன்று: சென்ற ஆண்டு திண்மக்கழிவுக்குச் செலவான தொகை; கடைக்கட்டணமும் கூட்டெரு விற்பனையும் தந்த வருவாய்; அள்ளிய குப்பை சென்று சேர்ந்த இடம்.