பென் டிரைவுக்குப் புதுக் கோடு போடுவோமா?

பென் டிரைவ் திறக்க மறுத்தால், "ஃபார்மட் போட்டுடு!" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சட்டென்று சொல்லிவிடுவார். ஃபார்மட் என்றால் என்ன? ஈரத்துணியால் சிலேட்டைத் துடைப்பது மாதிரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

கடையில் நோட்டு வாங்கும்போது, நாலு கோடு நோட்டா, கட்டம் போட்ட நோட்டா என்று கேட்பார்கள் அல்லவா? தாள் ஒன்றுதான், கோடுதான் வேறு. பென் டிரைவுக்கும் அப்படிக் கோடுகள் உண்டு. எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்ட, முன்பக்கத்தில் பொருளடக்கம் மாதிரி ஒன்றும் உண்டு. இந்த ஏற்பாட்டின் பெயர் ஃபைல் சிஸ்டம். பழைய பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுக் கோடு போடுவதுதான் ஃபார்மட்.

இதை லினக்ஸ் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் தொடங்கிவைத்த லினக்ஸை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். 2011-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில்கூட 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் இருந்தது.

முதலில், வேண்டிய ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் 'டிஸ்க்ஸ்' என்று ஒரு புரோகிராம் இருக்கும். அதைத் திறந்தால் இடதுபக்கம் ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் பென் டிரைவும் இருக்கும், கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கும் இருக்கும். இங்கேதான் மூன்று முறை பார்க்க வேண்டும்! மாற்றித் தொட்டால், அப்பாவின் கணக்கு வழக்கும் தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி போட்டோக்களும் போய்விடும். அளவைப் பாருங்கள். 16 ஜிபி என்றால் பென் டிரைவ். 500 ஜிபி என்றால் ஹார்டு டிஸ்க். வேறு பென் டிரைவ் செருகியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

(அதே 16 ஜிபியை விண்டோஸ் 14.9 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. வகுத்துப் பாருங்களேன்!)

பிறகு பல்சக்கரப் பொத்தானை அழுத்தி 'ஃபார்மட் பார்ட்டிஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் கேட்கும்; கொடுங்கள். அடுத்து, எந்தக் கோடு வேண்டும் என்று கேட்கும். 'ஃபேட்' என்பது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புரியும் கோடு. ஆனால் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் அதில் நுழையாது. 'இஎக்ஸ்டி4' லினக்ஸின் சொந்தக் கோடு. அதைப் போட்டு, பிரிண்ட் எடுக்கும் கடையின் விண்டோஸில் செருகினால், "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று அது கேட்கும். 'சரி' என்று அழுத்தினீர்களோ, உங்கள் புராஜெக்ட் காலி! அதனால் வெளியே கொண்டுபோகும் பென் டிரைவுக்கு ஃபேட் போதும்.

அங்கேயே 'அழி' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால் கிழிவது பொருளடக்கம் மட்டுமே. உள்பக்கங்களில் பழைய படங்கள் அப்படியே கிடக்கும். இதில் நன்மையும் உண்டு. தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டீர்களா? அழ வேண்டாம். புதிதாக எதையும் அதில் ஏற்றாமல், உடனே கழற்றி விவரம் தெரிந்த பெரியவரிடம் கொடுங்கள். 'போட்டோரெக்' என்ற இலவச புரோகிராம் மூலம் பல படங்களை மீட்க முடியும். ஆனால் பென் டிரைவை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், உங்கள் வீட்டுப் படங்களை அவரும் இப்படி மீட்கலாமே! அப்போது அந்தச் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். எல்லாப் பக்கத்தையும் பூஜ்யத்தால் நிரப்பும். நேரம் பிடிக்கும், பொறுத்திருங்கள்.

கடைசியாக ஒருமுறை பெயரையும் அளவையும் காட்டி எச்சரிக்கும். சரிபார்த்துவிட்டு 'ஃபார்மட்' அழுத்துங்கள்.

முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். லினக்ஸ் சிலவற்றைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு சற்றுத் தாமதமாகத்தான் பென் டிரைவில் எழுதும். மேல்நோக்கிய அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகு கழற்றுங்கள்.